எலுமிச்சை வாசம் அடித்தால் கஞ்சா லேசாகிவிடாது

மதுரையில் மனநல மருத்துவம் பார்க்கிறேன். கஞ்சாவால் மனம் தடுமாறி வருகிற பையன்களைப் பார்ப்பது எனக்குப் புதிதல்ல. அவர்கள் இப்போது சொல்லும் விளக்கம்தான் புதிது. போன வாரம் வந்த கல்லூரி மாணவனுக்குப் பல நாளாகத் தூக்கமில்லை. விடுதியில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று நடுங்குகிறான். "சார், நான் அடிச்சது லோக்கல் சரக்கு இல்ல, ஹைப்ரிட். லெமன் ஸ்மெல் வரும். அது லைட்டாத்தான் இருக்கும்" என்கிறான். கூட வந்த அப்பாவோ, "மூலிகைதானேங்க டாக்டர்" என்கிறார். இதையே எத்தனை பேரிடம் கேட்பது?

முதலில் இந்த ஹைப்ரிட், அதாவது கலப்பினக் கஞ்சா, எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1970களில் கலிஃபோர்னியாவில் ஆப்கானிஸ்தான், மெக்சிகோ, கொலம்பியா நாட்டுச் செடிகளைக் கலந்து 'ஸ்கங்க் நம்பர் 1' ரகத்தை உருவாக்கினார்கள். 1990களில் நெதர்லாந்தில் பேர் வாங்கிய 'ஒயிட் விடோ'வுக்குத் தென்னிந்தியச் செடி ஒரு பெற்றோர் என்று அதை வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். உடனே கம்பம், இடுக்கி மலையை நினைத்து நம் பையன்களுக்குப் பெருமை வந்துவிடுகிறது. தம்பி, அதைக் கலந்தவர்கள் தேடியது பிசினையும் வீரியத்தையும்தான். அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில், போதை தருகிற டிஹெச்சி என்ற வேதிப்பொருள் 1995இல் சுமார் 4 சதவீதம்; 2014இல் சுமார் 12 சதவீதம். உன் அப்பா காலத்தில் கேள்விப்பட்ட கஞ்சாவும் இதுவும் ஒன்றல்ல.

இனி வாசத்துக்கு வருகிறேன். எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனீன்தான் அந்த 'லெமன்' சரக்கிலும் மணக்கிறது. மாம்பழ வாசம் என்று சொல்வதற்குக் காரணமான மிர்சீன் நத்தம் மாம்பழத்திலும் உண்டு. மிளகிலும் கிராம்பிலும் பீட்டா கேரியோஃபிலீன். கொத்தமல்லி விதையிலும் நம் ஊர் மல்லிகையிலும் லினலூல். இவற்றுக்கு டெர்பீன்கள் என்று பெயர். மிளகும் மல்லியும் தட்டிப்போட்டு ரசம் வைக்கிறோம், யாருக்காவது போதை ஏறியிருக்கிறதா? போதை தருவது டிஹெச்சி. அதற்கு வாசமே கிடையாது. எலுமிச்சையாக மணக்கிற பூவில் 5 சதவீதமும் இருக்கலாம், 25 சதவீதமும் இருக்கலாம். மூக்குக்கு அது தெரியாது. 'ஸ்கங்க்' ரகத்தின் அந்த நாற்றத்துக்குக்கூட டெர்பீன்கள் காரணமில்லை, மிக நுண்ணிய அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள்தான் என்று 2021இல் கண்டுபிடித்தார்கள். ஆகவே நாற்றம் அதிகமென்றால் வீரியம் அதிகம் என்ற கணக்கும் தப்பு.

படித்த பையன்கள் அடுத்ததாக ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். 2024இல் அமெரிக்காவில் டிஹெச்சியோடு லிமோனீனையும் சேர்த்து ஆவியாகக் கொடுத்தபோது பதட்டம் குறைந்தது. உண்மைதான். ஆனால் அங்கே இரண்டையும் மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுத்தார்கள், பக்கத்தில் மருத்துவர்கள் இருந்தார்கள். உன் பொட்டலத்தை யார் அளந்தது? அதில் ஒட்டியிருக்கும் பெயரை விற்றவன்தான் வைத்தான். கஞ்சாவை இரண்டு வகையாகப் பிரித்து, இண்டிகா என்றால் தூக்கம், சாடிவா என்றால் சுறுசுறுப்பு என்கிற பேச்சும் இப்படித்தான். வெளிநாட்டில் சட்டப்படி விற்கும் சரக்கிலேயே அந்தப் பெயருக்கும் மரபணுவுக்கும் பெரிதாகப் பொருத்தமில்லை.

எனக்குப் பயம் தருவது வேறு. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், 10 சதவீதமோ அதற்கு மேலோ டிஹெச்சி உள்ள கஞ்சாவைத் தினமும் எடுத்தவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்பு, எடுக்காதவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு இருந்தது. அப்புறம், வயிற்று டாக்டர்களிடம் சுற்றி அலைகிற ஒரு கூட்டம் உண்டு. நிற்காத வாந்தி, வெந்நீரில் குளித்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும். எண்டோஸ்கோப்பி சுத்தமாக இருக்கும். காரணம் பல வருடக் கஞ்சா. அதை நிறுத்தாமல் இது நிற்காது.

குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் ஒரு இழுப்பு கூட வேண்டாம். இதில் பேச்சே கிடையாது. இருபது வயதுக்குள் இருப்பவர்களுக்கும் அதேதான், மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. காதில் குரல் கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்று பையன் சொன்னால் அடிக்காதீர்கள், கட்டிப்போடாதீர்கள். பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போங்கள், நான் தடுக்கவில்லை. அன்றைக்கே பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் கூட்டிவாருங்கள். என்ன எடுத்தான், எவ்வளவு நாளாக எடுத்தான் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நாங்கள் போலீஸ் இல்லை.

வழக்குக்குப் பயந்து வராமல் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 64ஏ பிரிவின்படி, சிறிய அளவு வழக்கில் சிக்கிய போதை அடிமை தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுமையாக முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு பெற வழியிருக்கிறது. வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போதை மீட்புக்கு 14446, மன உதவிக்கு 14416, இரண்டுக்கும் கட்டணம் இல்லை. தயவுசெய்து கூப்பிடுங்கள்.