'சூனியக்காரப் பிள்ளை' என்ற பழியும் பட்டினி வரவழைக்கும் ஒப்புதலும்

காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசாவில், ஒரு வீட்டில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தால், குடும்பத் தலைவருக்கு வேலை போனால், பழி விழுவது பெரும்பாலும் தாயையோ தகப்பனையோ இழந்து உறவினர் வீட்டில் ஒண்டி வளரும் பிள்ளையின் தலையில். வலிப்பு, ஆட்டிசம், தூக்கத்தில் நடப்பது, படுக்கையை நனைப்பது என எல்லாமே 'கிண்டோக்கி' எனப்படும் சூனிய சக்தியின் அடையாளமாகிவிடும். ஆனால் 5 வயதுப் பிள்ளைகளில் 100-க்கு ஏறத்தாழ 15 பேர் படுக்கையை நனைப்பவர்கள்தான். 2000-ல் லண்டனில் சித்திரவதையால் இறந்த, ஐவரி கோஸ்டைச் சேர்ந்த 8 வயதுச் சிறுமியைச் சிறுநீர் அடங்கவில்லை என்பதற்காகக் குளியல் தொட்டியில் படுக்கவைத்தார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று கிறிஸ்தவ சபைகளுக்கும் அழைத்துப் போனார்கள்.

சூனியம் உணவு வழியே தொற்றும் என்பது கின்ஷாசாவில் பரவலான நம்பிக்கை. ரொட்டியோ வேர்க்கடலையோ கொடுத்தவர் இரவில் கனவில் வந்து, கைம்மாறாக வீட்டில் ஓர் உயிரைக் கேட்பாராம். ஆகவே, யார் கொடுத்ததைத் தின்றாய், கனவில் யார் வந்தது என்று பிள்ளையைத் துருவுகிறார்கள். யாரிடமும் எதுவும் வாங்கித் தின்னாத, கனவே காணாத பிள்ளை எங்கே இருக்கிறது?

எல்லாச் சபைகளும் இதைச் செய்வதில்லை. செய்கிற எழுப்புதல் சபைகள் சிலவற்றில் சூனியத்தை விரட்டும் 'விடுதலை ஜெபம்' என்ற பெயரில் பிள்ளையை நாள்கணக்கில் அடைத்து, தண்ணீர்கூட இல்லாத உபவாசம் இருக்கவைக்கிறார்கள். பேதி மருந்து கொடுப்பதும் கண்ணில் மிளகாய் இடுவதும் உண்டு. "ஆமாம், நான்தான்" என்று சொன்னால் சோறு கிடைக்கும் என்பது பிள்ளைக்குச் சீக்கிரமே புரிந்துவிடுகிறது. அந்த ஒப்புதலை வைத்தே வீடு அதைத் தெருவுக்குத் துரத்துகிறது.

2006-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு இந்தப் பழிசுமத்தலைத் தடை செய்கிறது. 2009-ஆம் ஆண்டுக் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் தண்டனையும் வைத்திருக்கிறது. ஆனால் புகார் கொடுக்க வேண்டிய குடும்பமே குற்றம் செய்தால் வழக்கு எங்கிருந்து வரும்?

இப்படிப்பட்ட பிள்ளையை மீட்கும் பணியில் இருந்தால், மீட்ட பிள்ளைக்குப் பரிதாபப்பட்டு வயிறு நிறைய ஊட்டாதீர்கள். பல நாள் பட்டினிக்குப் பின் திடீரென நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் உப்புச் சத்துகளின் அளவு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். மிளகாய் பட்ட கண்ணைச் சுத்தமான நீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். நடந்ததை ஒருவர் மட்டும், ஒரே முறை, "என்ன நடந்தது?" என்ற அளவில் கேட்டால் போதும். "நீ சூனியம் செய்தாயா?" என்று ஆறுதலுக்காகக்கூடக் கேட்கக் கூடாது. வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளையும் அன்றே பாருங்கள். பழி அடுத்தவருக்குத் தாவும்.

சூனியமே கிடையாது என்று பெரியவர்களிடம் வாதாடினால் கதவு சாத்தப்படும். அவர்கள் நம்பிக்கையைத் தொடாமல், பிள்ளையை அடிக்கக் கூடாது என்பதிலும் வலிப்புக்கு மருந்து தர வேண்டும் என்பதிலும் உறுதியாக நிற்பதே பலன் தரும். சமரசத்துக்காக இன்னொரு 'சுத்திகரிப்பு ஜெபம்' நடத்தச் சம்மதிப்பது பெரிய தவறு. பழி உண்மைதான் என்று நாமே முத்திரை குத்துவதாகிவிடும். தாய்வழிப் பாட்டியோ வேறு உறவோ ஏற்க முன்வந்தால் முதலில் அங்கே விடலாம். விட்ட பிறகு சொல்லாமல் போய்ப் பாருங்கள்: தட்டு தனியாக வைக்கப்படுகிறதா, பிள்ளை இரவில் எங்கே படுக்கிறது, பள்ளிக்கு அனுப்புகிறார்களா என்று.