தைத்த பரிசை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

திருகோணமலை நகரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு வீடாகப் போகும் மருத்துவிச்சி நான். பிள்ளை பிறந்து முதல் 10 நாட்களுக்குள் தாயையும் பிள்ளையையும் பார்க்கப் போனால், கட்டில் ஓரத்தில் பரிசுகள் குவிந்து கிடக்கும். கடையில் வாங்கியவை பாதி. மிச்சம் மாமி தைத்த சட்டை, பெரியம்மா தைத்த தொப்பி, பக்கத்து வீட்டு அக்கா தைத்த கையுறை. கையால் தைத்ததைத்தான் முதலில் எடுத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்ப்பேன். பிள்ளையின் தோலில் படுவது அந்தப் பக்கம்தானே.

கையுறையில்தான் எனக்குப் பயம் அதிகம். வெளியே பூவும் குஞ்சமும் இருக்கும். உள்ளே வெட்டாமல் விட்ட நூல் முனைகளும் ஓவர்லாக் வளையங்களும் தொங்கும். அதில் ஒரு நூல் விரலைச் சுற்றினால், பிள்ளை கையை ஆட்ட ஆட்ட இறுகும். விரல் வீங்கும், வீங்கிய சதைக்குள் நூல் புதைந்து கண்ணுக்கே தெரியாமல் போகும். இரத்த ஓட்டம் தடைப்பட்டால் விரலையே இழக்க வேண்டி வரலாம். பால் கொடுத்தும், தூக்கி ஆட்டியும் அழுகை நிற்கவில்லையா? வயிற்றுக்குத்து என்று முடிவு கட்டுவதற்கு முன் கையுறையையும் சொக்ஸையும் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். தாயின் உதிர்ந்த தலைமயிரும் இதே வேலையைச் செய்யும். ஒரு விரல் மட்டும் சிவந்தோ நீலம் பாரித்தோ வீங்கியிருந்தால் வீட்டில் ஊசியால் கிண்ட வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

என்னைக் கேட்டால் கையுறையே தைக்க வேண்டாம். நகத்தை வெட்டிவிட்டால் போதும். பசி வந்தால் பிள்ளை கையை வாய்க்குக் கொண்டு போகும், அதைப் பார்த்துத்தான் தாய் பால் கொடுக்க வேண்டும். கையை மூடிவிட்டால் அந்த அடையாளமும் மறைந்துவிடும். தைத்தே ஆக வேண்டும் என்றால் ஓரங்கள் உள்ளே மடிந்து மறையும்படி இரட்டைத் தையல் போடுங்கள், அல்லது உள்ளே இன்னொரு மெல்லிய துணி வைத்துத் தையுங்கள். சட்டைக்கும் தொப்பிக்கும் அதேதான்.

முத்து, மணி, பட்டன் விஷயம் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் வைப்பார்கள். 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களைச் சோதிக்க ஒரு சிறிய உருளை உண்டு. அதன் வாய் ஏறத்தாழ 3.2 சென்ரிமீற்றர் அகலம். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கணக்கு. சட்டைப் பட்டன் எதுவும் அதற்குள் அடங்கும். கழுத்து நாடாவும் வேண்டாம். ஐரோப்பியத் தரவிதிப்படி 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடுப்பில் தலை, கழுத்துப் பக்கம் கயிறோ நாடாவோ வைக்கவே கூடாது. முடிச்சுப் போட வேண்டுமானால் விலாப் பக்கம், கட்டையாக.

துணிக்கு வருவோம். பழைய வேட்டியையும் நூல் சாறியையும் கிழித்துப் பிள்ளைக்குப் பாவிப்பது நம் வழக்கம், நல்ல வழக்கம். பல தடவை தோய்த்ததில் கஞ்சியும் சாயமும் போய், துணி மெதுமெதுவென்று ஆகியிருக்கும். நம்மூர் கச்சான் காற்று வெக்கையில் பொலியெஸ்டர் போட்டால் இரண்டு நாளில் வேர்க்குரு போடும். புதுத் துணி என்றால் வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை தோய்த்துக் காயவையுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கும், சுருக்கம் விழாமலிருக்கப் போட்ட இரசாயனமும் பெருமளவு போகும்.

ஆனால் அம்மம்மாவின் அலுமாரியில் இருந்து எடுக்கும் சாறியில் ஒரு விஷயம் உண்டு. மணந்து பாருங்கள். பூச்சி உருண்டை மணம் வந்தால் அந்தத் துணியைப் பிள்ளைக்குத் தைக்காதீர்கள். அதில் இருப்பது நப்தலின். ஜி6பிடி என்ற நொதியம் குறைவாகப் பிறக்கும் பிள்ளைகள் இலங்கையில் இருக்கிறார்கள். பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நப்தலின் ஆவி அவர்களின் சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையை மூளையைப் பாதிக்கும் அளவுக்குக் கூட்டிவிடலாம். தோய்த்தால் சரியாகிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். அந்தச் சாறி அம்மம்மாவிடமே இருக்கட்டும். தைத்த பரிசை 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கோ முஸ்லிம்கள் வாழும் கிண்ணியாப் பக்கம் 40ஆம் நாளுக்கோ கொடுக்கலாம் என்று எடுத்து வைப்பவர்களும் அதோடு அந்த உருண்டையைச் சேர்த்து வைக்காதீர்கள்.

இலவம் பஞ்சுத் தலையணை, கட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தை, பஞ்சடைத்த போர்வை என்று செட்டாகத் தைக்கும் ஆசை பலருக்கு. முதல் ஒரு வருடம் பிள்ளை மல்லாந்து, தட்டையான கெட்டி மெத்தையில், பக்கத்தில் பஞ்சுப் பொருள் எதுவும் இல்லாமல் தூங்க வேண்டும். முகம் புதைந்தால் திருப்பிக்கொள்ளத் தெரியாத வயது. கட்டிலைச் சுற்றிக் கட்டும் அந்த மெத்தையை அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டே தடை செய்தார்கள். துண்டுத் துணிகளை ஒட்டித் தைக்கும் திறமை இருந்தால் தரை விரிப்பாகத் தையுங்கள். பிள்ளை விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்க, குப்புறப் போட்டு விளையாடவிட உதவும்.

தாய்க்கு யாரும் தைப்பதில்லை என்பது என் மனக்குறை. முன்பக்கம் திறக்கும் பருத்தி நைட்டி ஒன்று தையுங்கள். சிசேரியன் என்றால் இடுப்பில் இலாஸ்ரிக் வைக்க வேண்டாம், காயத்தில் உரசும். பால் கசிவுக்கு மார்பில் வைக்க, உறிஞ்சும் துணியை மூன்று மடிப்பாக வட்டமாகத் தைத்துக் கொடுக்கலாம். நிறை குறைந்து பிறந்த பிள்ளை என்றால் ஒரு மீற்றர் சதுரத்தில் மென்மையான துணி ஒன்றே போதும். மூலைக்கு மூலை மடித்து, பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு அணைத்துக் கட்டலாம். தகப்பனுக்கும் அந்தக் கட்டு பொருந்தும், அவர்களும் கட்டிப் பழகட்டும். கட்டும் முறையை மட்டும் வாட்டில் தாதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், நப்கின் தையுங்கள். வாடைமழையில் கொடியில் போட்டது மூன்று நாளானாலும் காயாது. ஈரத்தோடு கட்டினால் தொடை இடுக்கு வெந்துவிடும். இரண்டு டசின் வெள்ளைச் சதுரங்கள், ஓரம் மடித்தது. பார்க்க ஒன்றும் இருக்காது, படம் எடுத்துப் போடவும் மாட்டார்கள். ஆனால் நான் அடுத்த முறை போகும்போது கொடியில் தொங்குவது அதுதான்.