அடிக்குறிப்பை நம்பி எடுக்காதீர்கள்

இராமநாதபுரம் கடற்கரையோரக் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் துணைநூற்பட்டியலைப் பார்த்துத் தரச் சொல்லி எல்லாத் துறை ஆய்வாளர்களும் வருகிறார்கள். காற்புள்ளியும் சாய்வெழுத்தும் சரியா என்பதுதான் அவர்கள் கேள்வி. பட்டியலில் இருப்பதைத் திறந்து பார்த்தீர்களா என்று நான் கேட்டால் பலரும் விழிக்கிறார்கள்.

ஓர் ஆய்வேட்டில் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் பரப்பு 10,500 சதுர கிலோமீட்டர் என்று இருந்தது. 21 தீவுகளை உள்ளடக்கி 1986இல் வந்த அந்தப் பூங்காவின் பரப்பு 560 சதுர கிலோமீட்டர்தான். 10,500 என்பது 1989இல் அறிவிக்கப்பட்ட உயிர்க்கோளக் காப்பகத்தின் கணக்கு. தவறான எண்ணுக்குக் கீழே அரசாணையைக் காட்டும் அடிக்குறிப்பு கம்பீரமாக நின்றது. மாணவர் அந்த ஆணையைப் பார்த்ததே இல்லை. முந்தைய ஆய்வேடு ஒன்றிலிருந்து எண்ணையும் அடிக்குறிப்பையும் சேர்த்தே எடுத்திருக்கிறார். அடிக்குறிப்பு இருப்பதால் நெறியாளருக்கும் சந்தேகம் வரவில்லை. மூலம் கைக்குக் கிடைக்கவில்லையா, சரி, இன்னார் நூலில் எடுத்துக்காட்டப்பட்டது என்று எழுதிவிடுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

இதனால் என்ன வந்துவிடும் என்பவர்களுக்கு மருத்துவத் துறையில் நடந்ததைச் சொல்வேன். 1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் சேர்ந்திருந்த நோயாளிகளுக்குப் போதைத்தன்மையுள்ள வலிமருந்து கொடுத்தபோது, அதற்கு அடிமையானவர்கள் மிகச் சிலரே என்பது அதன் செய்தி. அதை 600க்கும் மேற்பட்ட கட்டுரைகள் மேற்கோள் காட்டியதாக 2017இல் அதே இதழில் கணக்கு வெளியானது. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு, அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே சொல்லவில்லை. வீட்டில் மாதக்கணக்கில் மருந்து சாப்பிடுபவருக்கும் ஆபத்தில்லை என்ற எண்ணம் அப்படித்தான் பரவியது. ஐந்து வாக்கியத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஒவ்வொரு துறைக்கும் அதனதன் சிக்கல் உண்டு. நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல்பசுவின் அறிவியல் பெயருக்குப் பின்னால் முல்லர், 1776 என்று அடைப்புக்குறிக்குள் வரும். முல்லர் அதை முதலில் வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார் என்பதற்கு அந்த அடைப்புக்குறிதான் அடையாளம். அலங்காரம் என்று நினைத்து அதை எடுத்துவிடுகிறார்கள். தமிழ்த்துறையில் வேறு கதை. தனுஷ்கோடியைப் பற்றி எழுதுபவர்கள் ‘தொன்முது கோடி’ வரியைக் காட்டுவார்கள். அது அகநானூற்றின் 70ஆம் பாடல். அங்கே இராமனைப் பற்றிய குறிப்பு வருகிறதே என்று புறநானூறு 378 என்று போட்டுவிடுகிறார்கள். அங்கே வருவது சீதையின் நகைகள். அப்புறம் தலைப்பெழுத்து. தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எண்ணி, துணைநூற்பட்டியல் தயாரிக்கும் மென்பொருள் புரட்டிப் போடுவதால் ஒரே ஆசிரியர் பட்டியலில் இரண்டு பேராகிறார்.

இப்போது சாட்ஜிபிடியிடம் பட்டியல் கேட்டு வாங்கி வருபவர்களும் இருக்கிறார்கள். உண்மையான இதழின் பெயர், நம்பும்படியான தலைப்பு, ஆண்டு, பக்க எண் எல்லாம் இருக்கும். கட்டுரை மட்டும் இருக்காது. ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் தரப்படும் நிலையான அடையாள எண்ணான டிஓஐயைத் தட்டிப் பாருங்கள். அது வேறு கட்டுரைக்குப் போனாலோ எங்குமே போகாவிட்டாலோ, அந்த வரியை அடித்துவிடுங்கள்.

குறிப்பெடுக்கும்போதே பக்க எண்ணையும் பதிப்பையும் எழுதி வைத்தால் கடைசி வாரத்தில் இந்தப் பாடே இல்லை. கடல் சார்ந்த ஆய்வென்றால் தூரம் போக வேண்டியதுமில்லை. 1947இல் தொடங்கி, பின்னர் பல ஆண்டுகள் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பழைய வெளியீடுகள் பல அதன் இணையக் களஞ்சியத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கும் கிடைக்காததை உங்கள் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள். வேறு நூலகத்திலிருந்து பிரதி வரவழைப்பது எங்கள் வேலைதான். ஒப்படைக்கும் நாளுக்கு முந்தின நாள் வராமல் இரண்டு மாதம் முன்னதாக வாருங்கள்.