கபோதமா, கொடுங்கையா?

கோயில்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘கபோதம்’ என்ற சொல்லை அடிக்கடி எடுப்பார்கள். கருவறைச் சுவருக்கு மேலே வெளியே நீண்டு, வளைந்து இறங்கும் கல் விளிம்பு அது. வடமொழியில் கபோதம் என்றால் புறா. புறா குந்தும் இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உறுப்பின் பூர்வீகத்தைப் புறா சொல்லாது. தமிழ்ப் பெயர் சொல்லும்: கொடுங்கை.

‘கொடு’ என்றால் வளைந்தது, கொடுவாள் போல. ‘கை’ எந்தக் கை? கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டையான கைமரத்தைக் கேட்டுப் பழகிய என் காதில் அந்தக் கைதான் விழுகிறது.

திருகோணமலைக்குப் பக்கத்தில், நிலாவெளியில் அம்மம்மாவின் குசினி கிடுகு வேய்ந்தது. கிடுகை அடுக்கடுக்காகக் கட்டினால் ஓரம் கனத்துத் தாழும். மாரி மழையில் தண்ணீர் மண்சுவரைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி விழுந்து, முற்றத்தில் வரிசையாகக் குழி பறிக்கும். குனியாமல் நுழைந்தால் ஓலை நுனி நெற்றியில் கீறும். மண்சுவரைக் காக்க வந்த வளைவு அது.

சுவர் கல்லான பிறகும் வளைவு போகவில்லை. மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டில் ஒரே பாறையில் குடைந்த திரௌபதி ரதம் அப்படியே ஓலைக் குடிசை. பீகாரின் பராபர் குன்றில், கி.மு. 3ஆம் நூற்றாண்டு லோமச ரிஷி குகை வாசலில் கைமர நுனிகள்கூடக் கல்லில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் மிஞ்சியது ஆவுடையார்கோயில் கொடுங்கை. அடியில் நின்று அண்ணாந்தால் சட்டமும் குறுக்குக் கம்பும் ஆணித் தலையும் தெரியும், அத்தனையும் கல். கல்லுக்கு ஆணி எதற்கு? மரக்கூரையில் இருந்ததே, அதனால்தான்.

கொடுங்கையின் முகப்பில் குதிரை லாடம் போன்ற வளைவுகள் வரும். அவற்றுக்குப் பெயர் ‘கூடு’. வண்டிக்கூண்டு போல வளைந்த ஓலைக்கூரையின் முகப்புச் சாளரம் சிறுத்து அலங்காரமானதே அது. பல்லவர் காலக் கூடுகளுக்குள் ஒரு முகம் எட்டிப் பார்க்கும், வீட்டில் ஆள் இருப்பது போல. கோயிலின் ‘இல்’லும் வீடுதானே.

எங்கள் திருகோணமலையின் பழைய கோணேசர் கோயிலின் கொடுங்கையைப் பார்க்க வழியில்லை. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்து, கல்லைக் கோட்டை கட்ட எடுத்துக்கொண்டார்கள். அம்மம்மாவின் குசினிக்கும் இப்போது தகரம்தான். நேரே வெட்டிய ஓரம். காற்றோடு மழை வந்தால் சுவர் பாதிவரை நனைகிறது.