பால் மாதிரி எடுக்க வந்தால், கையெழுத்திடும் முன்

பாம்பனில் கேன் சுமந்து வீடு வீடாகப் பால் ஊற்றும் ஓர் அம்மாள், மாதிரி எடுக்க வந்த உணவுப் பாதுகாப்பு அதிகாரி நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்திட்டார். நகலும் கிடைக்கவில்லை, எடுத்த பாலுக்குக் காசும் கிடைக்கவில்லை. பின்னர் தபாலில் வந்த பகுப்பாய்வு அறிக்கையை விளக்கிச் சொல்ல ஆளில்லாததால் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டார். மேல்முறையீடு செய்ய இருந்த 30 நாட்களும் அந்தப் பெட்டிக்குள்ளேயே முடிந்துபோயின.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் அதிகாரிக்கு மாதிரி எடுக்கும் அதிகாரத்தைத் தருகிறது. அதே சட்டம்தான் எடுத்த பொருளுக்குச் சந்தை விலையைக் கொடுக்கவும், 5ஏ படிவத்தில் எழுத்துமூலம் அறிவிப்புத் தரவும், மாதிரியை நான்காகப் பிரித்து முத்திரையிடவும் அவரைக் கட்டாயப்படுத்துகிறது. நான்காவது பகுதியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி நீங்கள் கேட்கலாம், ஆனால் கேட்டால்தான் அனுப்புவார்கள். அதன் செலவு உங்களுடையது. கேட்பதை வாயால் சொல்லாமல் அப்போதே எழுதிக் கொடுங்கள். பக்கத்துக் கடைக்காரரைச் சாட்சியாக அழையுங்கள். வெற்றுத்தாளில் எக்காரணத்தைக் கொண்டும் கையெழுத்திடாதீர்கள்.

பலர் சிக்குவது, உணவு விற்பவர்கள் இந்தச் சட்டப்படி பெற வேண்டிய பதிவில்தான். கறவைக்காரர் கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருந்து, பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்றினால் பதிவு தேவையில்லை. காலையில் சங்கத்துக்கும் மாலையில் தேநீர்க் கடைக்கும் ஊற்றினால் அந்த விலக்கு போய்விடும். பிறரிடம் வாங்கி விற்பவர்கள், யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்பதற்கு ரசீது வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேறொருவர் கலந்த தண்ணீருக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டிவரும்.

சிறு வணிகர் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். விண்ணப்பித்த 7 நாட்களுக்குள் பதிவு தரவோ, மறுக்கவோ, ஆய்வுக்கு உத்தரவிடவோ வேண்டும். எதுவுமே நடக்காவிட்டால் வியாபாரத்தைத் தொடங்கலாம் என்று விதியே சொல்கிறது. இது தெரியாமல் ராமேஸ்வரத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் ஒருநாள் வருமானத்தை விட்டுவிட்டு ராமநாதபுரத்துக்குப் பேருந்தில் அலைபவர்களை இன்னும் பார்க்கிறேன். விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டை அச்செடுத்துக் கடையிலேயே வையுங்கள்.

சுத்தக் குறைபாடு என்றால், சாதாரணமாகக் குறைகளை எழுதிக் காட்டி, சரிசெய்யக் குறைந்தது 14 நாட்கள் தரும் மேம்பாட்டு அறிவிப்பே முதலில் வர வேண்டும். மீன் வறுத்து விற்பவரிடம் "இன்றே கடையை மூடு" என்று வாய்மொழியாகச் சொன்னால், அதை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பகுப்பாய்வு அறிக்கை எதுவாக இருந்தாலும், கைக்கு வந்த தேதியை உறையின் மேல் அன்றே எழுதிவிடுங்கள். மேல்முறையீட்டுக்கான 30 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது.