‘ஒரு கிழமையில தாறன்’ என்று போன கூத்துக் கொப்பி

திருகோணமலைக் கோட்டை வாசலில் ஒரு கல்லெழுத்து இருக்கிறது. பக்கத்திலேயே இரட்டைக் கயல் மீன் சின்னம். கோணேசரைக் கும்பிடப் போகிற அவசரத்தில் அதை நின்று பார்ப்பவர்கள் குறைவு. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். வாசலில் உள்ள எழுத்தும் பாதி சிதைந்துதான் கிடக்கிறது. ஆனாலும் ‘முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியை’ என்று தொடங்கி முழுப் பாட்டையும் சொல்ல இங்கே ஆட்கள் உண்டு. கல்லில் போனது ஏட்டிலும் வாயிலும் தங்கிவிட்டது.

கூத்து, கோயில் பாட்டு, பழைய கொப்பிகள் ஆகியவற்றைப் பதிவுசெய்வது என் வேலை. ஆய்வாளர்களோடும் போவேன், தனியாகவும் போவேன். இந்த வேலையில் நான் அதிகம் கேட்ட வசனம், “ஒருத்தர் கொண்டு போனவர், திருப்பித் தரேல்லை” என்பதுதான்.

தம்பலகாமப் பக்கம் ஒரு வீடு. கூத்துப் பழக்கிய அண்ணாவியார் காலமாகிப் பல வருடம். அவருடைய மனைவி உள்ளே போய், வேட்டித் துண்டில் சுற்றிய ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்தார். இது இரண்டாவது கொப்பியாம். முதலாவதைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு தம்பி, ஒரு கிழமையில் தாறன் என்று வாங்கிப் போயிருக்கிறார். அது நடந்து இருபது வருடத்துக்கு மேல். அண்ணாவியார் நினைவில் இருந்து திரும்ப எழுதியதுதான் இப்போது மேசையில் இருப்பது. அந்தத் தம்பி கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. இடம்பெயர்வு, வெள்ளம், கடல்கோள் என்று எத்தனையோ நடந்த ஊர் இது. ஆனால் கொப்பி போனது போனதுதான்.

ஆகவே எல்லா வீடுகளிலும் நான் சொல்வது ஒன்றுதான்: கொப்பியை வெளியே விடாதீர்கள். படம் எடுக்கட்டும், உங்கள் திண்ணையில் வைத்து, உங்கள் கண் முன்னால். கைத்தொலைபேசி போதும். பகல் வெளிச்சத்தில் பக்கத்தை மட்டமாக வைத்து எடுத்தால் பென்சில் எழுத்துக்கூடத் தெரியும். இன்னொன்று, பாசத்தில் கொப்பியை லாமினேட் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்கவே முடியாது. செலோடேப்பும் அப்படித்தான், பசை பழுத்து எழுத்தையும் சேர்த்துத் தின்னும். அதற்குப் பக்கத்தில் தாள் தின்னும் இராமபாணப் பூச்சி பரவாயில்லை என்று சொல்லலாம் போல இருக்கும்.

படம் எடுத்தாலும் கொப்பி பாதிதான். அதில் தரு, விருத்தம் என்ற கூத்துப் பாட்டுகள் இருக்கும், ஆட்டம் இருக்காது. எந்தப் பாத்திரத்தின் வரவுக்கு எந்தத் தாளக்கட்டு, மத்தளம் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஆட்களின் உடம்பில் இருக்கிறது. அதைப் பதிவுசெய்யும்போது முதல் வார்த்தையாகத் திகதி, ஊர், பாடுகிறவர் பெயர் மூன்றையும் வாயால் சொல்லிவிடுங்கள். ‘கிழவர் பாட்டு 2’ என்று பெயரிட்ட கோப்புகள் என்னிடமே கிடக்கின்றன. யாருடைய குரல் என்று இன்றைக்கும் தெரியாது.

ஆய்வாளர் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கி, ஊரில் சுற்றி இருந்து பார்க்கும் வட்டக்களரியில் இருந்து, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர், இராவணேசன் எல்லாம் அப்படி வந்தவை. படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்ததில் அவருக்குப் பெரிய பங்குண்டு. அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் மேடைக் கூத்தை மட்டும் பார்த்துவிட்டுக் களரிக்கு வருகிறவர்கள், “இது வடமோடிப் பாணிக் கூத்து இல்லையே ஐயா” என்று அண்ணாவியாருக்கே திருத்தம் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு கட்டுரையில் ஓர் ஊரின் கூத்தை ‘அழிந்துபோன கலை’ என்று எழுதியிருந்தார்கள். அதை வாசித்துக் காட்டியபோது அந்த ஊர்ப் பெரியவர், “அழிஞ்ச நான்தானே தம்பி உன்னோட இருந்து தேத்தண்ணி குடிக்கிறன்” என்றார்.

கோயில் விடயம் இன்னும் கவனம். கண்ணகி கதையைச் சொல்லும், கோயிலில் பாடி வாசிக்கும் கண்ணகி வழக்குரையைப் பதிவுசெய்ய ஒருமுறை மாசியில் போய்க் கேட்டேன். காலமில்லாத காலத்தில் வாசிக்க முடியாது என்று பூசகர் மறுத்துவிட்டார். சரி என்று வைகாசிச் சடங்கு வரை காத்திருந்தேன். வாசிப்புக்கு ஒலிவாங்கி வைக்க விட்டார். சாமி முன் கட்டிய திரைக்குள் நடப்பதற்கு விடவில்லை. நிறுத்திவிட்டேன். பதிவில் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது, ஏன் நிறுத்தினேன் என்ற குறிப்போடு. யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுக்கான உடன்படிக்கையின் கீழ் ஒரு கலையைப் பட்டியலில் சேர்ப்பதற்கே அந்தச் சமூகம் விளங்கி, விரும்பி, முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். இலங்கையின் நூல்பாவைக் கூத்தான ரூகட நாட்டியம் 2018இல் பட்டியலுக்குப் போனதும் அந்த விதியின் கீழ்தான். திரைக்குள் ஒலிவாங்கி வைக்கவும் அதே சம்மதம்தானே வேண்டும்.

தம்பலகாமக் கொப்பிக்கு வருகிறேன். எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து, அச்சிட்டு, நூல் போட்டுக் கட்டி அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு எழுத்து வாசிக்க வராது. பேரனை வாசிக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி, மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு கேட்டார். நடுவில் விரல் நின்றது. “இதில ஒரு தரு விட்டுப்போச்சு” என்றார். அசல் கொப்பியை எடுத்துப் பார்த்தோம். ஈரத்தில் இரண்டு தாள் ஒட்டிக் கிடந்ததை ஒன்றாகப் புரட்டிவிட்டிருக்கிறேன். அடுத்த நாள் காலை பஸ் பிடித்து மறுபடியும் போனேன்.