பகலில் மூச்சடக்கும் செடி

ஆல்ப்ஸ் மலையில் 2000 மீட்டர் உயரத்தில், தெற்குப் பார்த்த பாறைச் சரிவு ஒன்றில் கோடை நண்பகல் எப்படியிருக்கும்? குளிராக இருக்கும் என்றுதான் பலரும் சொல்வார்கள். காற்று குளிர்ந்திருப்பது உண்மைதான், தரையோ கொதிக்கும். ஆஸ்திரிய ஆல்ப்ஸில் ஏறத்தாழ இந்த உயரத்திலேயே, கருத்த வெற்று மண்ணின் மேற்பரப்பு 80 டிகிரி செல்சியஸை நெருங்கியது பதிவாகியிருக்கிறது. அதே மண்ணில் இரவில் உறைபனி படியலாம். பாறை இடுக்கில் ஒரு கைப்பிடி மண் இருந்தால் அதிகம். மழை பெய்தாலும் இரண்டொரு நாளில் அது காய்ந்துவிடும். பிறகு ஆண்டில் பாதி பனிக்கு அடியில் போய்விடும்.

இப்படிப்பட்ட இடத்தில் இலை உதிர்க்காமல், கிழங்குக்குள் ஒளியாமல், ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கிறது செம்பெர்விவம். பைரனீஸ், ஆல்ப்ஸ், கார்பாத்தியன், பால்கன், காகசஸ் மலைகளில் பரவியிருக்கும் பேரினம் இது. சுமார் நாற்பது இனங்கள் உண்டு. தோட்டக்காரர்கள் கலப்பினம் செய்து பெயரிட்ட வகைகளோ ஆயிரக்கணக்கில். தண்டு வெளியே தெரியாமல், சதைப்பற்றுள்ள இலைகள் வட்டமாக நெருங்கி அடுக்கியிருக்கும். அந்த அமைப்பை ரோசெட் என்பார்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பாறைத் தோட்டம் போட நினைக்கும் எவருக்கும் முதலில் பரிந்துரைக்கப்படும் செடி இதுதான். 'கவனிப்பே தேவையில்லை' என்று விற்பார்கள். பாதிதான் சரி. இந்தச் செடிக்கும் தேவைகள் உண்டு, கறாரான தேவைகள். அவை நாம் வழக்கமாகச் செடிகளுக்குச் செய்வதற்கு நேர் எதிராக இருக்கின்றன. ஏன் என்று புரிய, அது மூச்சு வாங்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

எல்லாப் பச்சைச் செடிகளுக்கும் ஒரு சங்கடம் உண்டு. உணவு தயாரிக்கக் கரியமில வாயு வேண்டும். அது உள்ளே வர இலைத்துளைகள் திறக்க வேண்டும். துளை திறந்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே போகும். நெல், கோதுமை போன்ற சாதாரணச் செடிகள் பகல் வெளிச்சத்தில் துளைகளைத் திறந்து, ஒரு கிராம் கரியமில வாயுவை உள்ளே எடுக்க 400 முதல் 500 கிராம் வரை தண்ணீரை இழக்கின்றன. வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது அது பெரிய விஷயமில்லை. பாறை இடுக்கில் அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

செம்பெர்விவம் வேலையை இரண்டு நேரமாகப் பிரித்துக்கொள்கிறது. இரவில், காற்று குளிர்ந்து ஆவியாதல் குறைந்திருக்கும்போது இலைத்துளைகளைத் திறக்கிறது. உள்ளே வரும் கரியமில வாயுவைப் பெப் கார்பாக்சிலேஸ் என்ற நொதி பிடித்துவைக்கிறது. அது மாலிக் அமிலமாக மாறி, செல்லின் பெரும்பகுதியை அடைத்திருக்கும் வாக்குவோல் என்ற பைக்குள் சேர்கிறது. ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலம். விடிந்ததும் துளைகள் மூடிக்கொள்கின்றன. சேமித்த அமிலம் வெளியே வந்து உடைந்து, கரியமில வாயுவைத் திருப்பித் தருகிறது. வெளியே போக வழியில்லாமல் இலைக்குள்ளேயே அடைபட்ட அந்த வாயுவை, சூரிய ஒளியின் துணையோடு ரூபிஸ்கோ நொதி சர்க்கரையாக்குகிறது. இந்த முறையில் வாழும் செடிகள், ஒரு கிராம் கரியமில வாயுவுக்கு 50 முதல் 100 கிராம் தண்ணீரில் காரியத்தை முடித்துவிடுகின்றன. இது இறுகிய விதியும் அல்ல. ஈரம் போதுமான நாட்களில், சேமித்த அமிலம் தீர்ந்த பிற்பகலில் துளைகளைத் திறந்து நேரடியாகவும் வாயுவை எடுத்துக்கொள்ளும் திறன் இவ்வகைச் செடிகளுக்கு உண்டு.

இந்தக் கதையின் தொடக்கத்தில் நம் ஊருக்கும் ஓர் இடமிருக்கிறது. மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வேலை பார்த்த ஜெர்மானியத் தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையை ஒரே நாளின் வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசான கசப்பு. இதை அவர் கடிதமாக எழுத, லண்டனின் இயற்கையியல் அமைப்பான லின்னேயன் சங்கம் 1815இல் வெளியிட்டது. கருவி எதுவும் இல்லாமல், நாக்கை மட்டும் வைத்துக் கண்ட உண்மை. அதை வேதியியலாக விளக்க அறிவியலுக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ரணகள்ளியும் செம்பெர்விவமும் ஒரே கிராசுலேசியக் குடும்பம். இந்த முறைக்கே அந்தக் குடும்பத்தின் பெயரைச் சூட்டி, கிராசுலேசிய அமில வளர்சிதைமாற்றம் என்றும் சுருக்கமாகக் காம் என்றும் அழைக்கிறார்கள். நீங்களும் சோதிக்கலாம், ஆனால் மெல்ல வேண்டாம். ரணகள்ளியில் இதயத்தைப் பாதிக்கும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. விடியற்காலையில் ஓர் இலை, பிற்பகலில் ஓர் இலை பறித்து நசுக்கி, சாற்றை பி.எச். தாளில் தொட்டுப் பாருங்கள். காலைச் சாறு தெளிவாகக் கூடுதல் அமிலத்தைக் காட்டும்.

இரவில் சேமித்த அமிலம்தான் மறுநாள் கையிருப்பு. வாக்குவோல் கொள்ளும் அளவுக்கு மேல் சேமிக்க முடியாது. ஆகவே வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். இங்கேதான் பலர் அவசரப்பட்டு உரம் போடுகிறார்கள். தழைச்சத்து மிகுந்தால் இலைகள் நீண்டு, தளர்ந்து, நீர் கோத்து நிற்கும். இறுக்கமான வட்டம் குலையும், நிறம் வெளுக்கும், குளிர்காலத்தில் முதலில் அழுகுவதும் அந்தச் செடியாகத்தான் இருக்கும். நிலத்தில் நட்டதற்கு உரமே தேவையில்லை. நிழலிலும் இதே கெடுதல்தான். ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் கிடைத்தால்தான் இலைகள் குறுகி நெருங்கும்.

நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குளிரும் வலுத்த ஒளியும் சேரும்போது இலைகளில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி கூடுகிறது. ஒளியை முழுதாகப் பயன்படுத்த முடியாத குளிரில், மிகையான ஒளி பச்சையத்தைச் சேதப்படுத்தாமல் இந்தச் சிவப்பு காக்கிறது. குளிர்கால இறுதியிலும் வசந்தத்திலும் செக்கச்செவேலென்று இருந்த செடி, கோடை நடுவில் பச்சைக்குத் திரும்பிவிடும். நர்சரியில் சிவப்பைப் பார்த்து வாங்கியவர்கள் நோய் வந்துவிட்டதென்று பயப்படுவார்கள். நோயில்லை, அடுத்த குளிரில் சிவப்பு திரும்பிவரும்.

உறைபனியைத் தாங்கும் விதம் எனக்கு இந்தச் செடியின் மிகப் பெரிய அதிசயமாகத் தோன்றுகிறது. சதைப்பற்றுள்ள செடிகளில் பெரும்பாலானவை உறைபனியில் கூழாகிவிடும். செல்லுக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியானால் சவ்வுகள் கிழியும். செம்பெர்விவமோ இலையுதிர்காலம் தொடங்கியதுமே தயாராகிறது. நீரைக் குறைக்கிறது, செல்சாற்றில் சர்க்கரையைக் கூட்டுகிறது. ரோசெட் சுருங்கி, வெளி இலைகள் உள்ளே மடிந்து நடுக்குருத்தை மூடிக்கொள்ளும். உறையும்போது செல்லுக்கு வெளியேயுள்ள இடைவெளியில்தான் முதலில் பனி உருவாகிறது. செறிந்த செல்சாறு உறையாமல் நிற்கிறது. மைனஸ் 30 டிகிரியைத் தாங்கும் இனங்கள் இதில் உண்டு.

ஆகவே குளிர் இதைக் கொல்வதில்லை, குளிர்கால ஈரம்தான் கொல்கிறது. சுருங்கிக் காய வேண்டிய நேரத்தில் வேரைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால், செல்கள் நீர் நிறைந்து உப்பியிருக்கும்போதே உறைபனி வந்துவிடும். பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். மலையில் உலர்ந்த பனிப்போர்வைக்கு அடியில் பத்திரமாகக் கிடந்த செடி, இங்கிலாந்தின் ஓயாத தூறலில் செத்துப்போகிறது. இலைநுனிகளுக்கிடையே வெண்ணிற நூல் பின்னியதுபோல் இருக்கும் அரக்னாய்டியம் இனமும், உடலெல்லாம் ரோமம் அடர்ந்த சிலியோசம் இனமும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் இன்னும் எளிதில் அழுகும். தெரிந்தவர்கள் இவற்றின் மேலே, பக்கங்களைத் திறந்துவிட்டு, சாய்வாக ஒரு கண்ணாடிப் பலகை வைப்பார்கள். குளிரைத் தடுக்க அல்ல, மழையைத் தடுக்க.

பாறைத் தோட்டத்தின் அறிவியலே இதில் அடங்கிவிடுகிறது. லண்டன் செல்சி மூலிகைத் தோட்டத்தில் 1773இல் அமைத்த பாறைமேடு ஐரோப்பாவின் மிகப் பழையவற்றுள் ஒன்று. லண்டன் கோபுரக் கோட்டையின் பழங்கற்களும், தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் ஐஸ்லாந்திலிருந்து கொண்டுவந்த எரிமலைக் கற்களும் அதில் இருக்கின்றன. கல்லை அழகுக்கு மட்டும் வைப்பதாக நினைத்தால் பாதியை விட்டுவிடுகிறோம். மேடு தண்ணீரை வடியவிடுகிறது, கல் பகல் வெப்பத்தை வாங்கிச் சூழலை உலர்த்துகிறது, இடுக்கு வேருக்கு நிழல் தருகிறது. மண்கலவையில் சரிபாதி பொடிஜல்லியோ பருமணலோ இருக்கட்டும். நட்டபின் ரோசெட்டின் கழுத்தைச் சுற்றி ஓரங்குலம் பொடிக்கல் பரப்புங்கள். இதை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது என்பேன். இலையின் அடிப்பகுதி ஈரமண்ணில் படாமலிருப்பதுதான் உயிர்நாடி. தொட்டியானால் பத்து சென்டிமீட்டர் ஆழம் தாராளம், அடியில் துளை கட்டாயம்.

எவ்வளவு குறைந்த மண்ணில் இது பிழைக்கும் என்பதற்குக் கூரைகளே சான்று. மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட சார்லமேன் பேரரசரின் காலத்தில், கி.பி. 800 வாக்கில், அரச பண்ணைகளுக்கு எழுதப்பட்ட ஆணையொன்றில் வளர்க்க வேண்டிய செடிகளின் நீண்ட பட்டியல் உண்டு. தோட்டக்காரர் தன் வீட்டின் மேல் இந்தச் செடியை வைத்திருக்க வேண்டும் என்பதோடு அது முடிகிறது. இடி விழாமல் காக்கும் என்பது அக்கால நம்பிக்கை. மின்னலைச் செடி தடுக்காது. ஆனால் வேரும் இலையும் நெருங்கிப் படர்ந்த பாய் போன்ற அந்தப் பரப்பு கூரை ஓடுகளையும் வைக்கோலையும் காற்றில் பறக்காமல் பிடித்துவைத்திருக்கும்.

நீர் ஊற்றுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புதிதாக நட்டதற்கு வேர் பிடிக்கும்வரை அளவாக ஊற்றலாம். பிறகு நீண்ட வறட்சியில் மட்டும் போதும். கீழ் இலைகள் சுருங்கிக் காய்ந்தால் செடி தன் பழைய இலைகளின் நீரைப் புதியவற்றுக்கு எடுத்துக்கொள்கிறது என்று பொருள். காய்ந்தவற்றைக் கிள்ளி எடுத்துவிடுங்கள், ஈரம் தங்காது.

இனி இதன் பிறப்பும் இறப்பும். ஒவ்வொரு ரோசெட்டும் சில ஆண்டுகள் வளர்ந்து, ஒரே ஒருமுறை பூத்து, செத்துவிடும். வாழை குலை தள்ளியபின் சாய்வதைப் போலத்தான், பக்கக்கன்றுகள் குலத்தைத் தொடர்கின்றன. தாய் ரோசெட்டிலிருந்து மெல்லிய ஓடுதண்டுகள் கிளம்பி, நுனியில் ஒரு கன்றை வைத்து, மண்ணில் ஊன்றும். ஓடுதண்டு காய்ந்ததும் கன்றைக் கிள்ளி வேறிடத்தில் வைத்தால் போதும், வசந்தத்தில் சில வாரங்களில் வேர் விடும். குளோபிஃபெரம் இனத்தில் கன்றுகள் நூலிழை போன்ற காம்பில் ஒட்டியிருந்து, முறிந்து, சரிவில் உருண்டு போய்த் தாமாகவே ஊன்றிக்கொள்கின்றன. ஹியூஃபெலி இனத்தில் ஓடுதண்டே கிடையாது. தடித்த கழுத்திலேயே புதியவை பிளந்து தோன்றும். அதைப் பெருக்கக் கத்தியால் வகுந்து, வெட்டுவாய் உலர்ந்தபின் நட வேண்டும்.

பூக்கப் போகிறது என்பதை முன்கூட்டியே அறியலாம். வட்டத்தின் நடு உயர்ந்து, இலைகள் இடைவெளி விட்டு மேலேறும். கோடையில் ஒரு சாண் உயரத் தண்டில், பல இனங்களில் பத்துக்கும் மேற்பட்ட இதழ்களோடு ரோஸ் நிற நட்சத்திரப் பூக்கள் விரியும். தேனீக்கள் மொய்க்கும். தண்டை வெட்டி ரோசெட்டைக் காப்பாற்ற முயல்வது வீண். வளர்நுனியே பூந்தண்டாக மாறிவிட்டது, இனி இலை விட நுனி இல்லை. பூ முடிந்து காய்ந்ததும் முறுக்கி இழுத்து எடுத்து, குழியில் ஜல்லி கலந்த மண்ணைப் போட்டு மூடினால், பக்கத்திலுள்ள கன்றுகள் அங்கே பரவிக்கொள்ளும்.

நோய் குறைவு. வசந்தத்தில் ஓர் ரோசெட்டின் இலைகள் மட்டும் வெளிறி, ஒடுங்கி, நெட்டுக்குத்தாக நீண்டு, ஆரஞ்சுப் புள்ளிகள் தோன்றினால் அது துருநோய். பூஞ்சை செடிக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதால் மருந்தடிப்பதைவிட அந்தச் செடியைப் பிடுங்கி அழிப்பதே சரி. தொட்டுத் தூக்கினால் வேரில்லாமல் கையோடு வந்தால், கூன்வண்டின் புழு அடியில் தின்கிறது. மண்ணைக் கொட்டிப் புழுவைப் பொறுக்கிவிட்டு, மிச்சமுள்ள ரோசெட்டைப் புது மண்ணில் வைத்தால் பெரும்பாலும் மீண்டும் வேர்விடும்.

நம் சமவெளியில் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நான் பரிந்துரைக்க மாட்டேன். அமிலம் சேமிக்க இரவு குளிர வேண்டும். இரவும் வெக்கையாக இருந்தால் சேமிப்பு குறையும், அதே நேரத்தில் சுவாசத்தில் செலவு கூடும். மழைக்கால ஈரம் மிச்சத்தை முடித்துவிடும். நம் நர்சரிகளில் இதே தோற்றத்தில் பரவலாகக் கிடைப்பது மெக்சிகோ மலைகளைப் பூர்வீகமாகக் கொண்ட எச்சிவீரியா. அது வெப்பத்தை இதைவிட நன்றாகத் தாங்கும், உறைபனியைத் தாங்காது. இரண்டையும் பிரித்தறிய, இலை ஓரத்தைப் பாருங்கள்: செம்பெர்விவத்தில் மெல்லிய ரோம வரிசை இருக்கும், எச்சிவீரியாவில் ஓரம் பெரும்பாலும் வழுவழுப்பு. பூக்கும்போது ஐயமே இராது. எச்சிவீரியாவின் பூந்தண்டு இலைக்கக்கத்திலிருந்து பக்கவாட்டில் கிளம்பும், நடுக்குருத்து அப்படியே வளரும், செடியும் சாகாது.